வெள்ளெலி காட்டிய இடம்

ஒரு செம்மண் மேட்டில் வெள்ளெலி ஒன்று தன் நான்கு குட்டிகளோடு வளையில் குடியிருந்தது. வளை தோண்டியபோது கிடைத்த இரும்புக் கசடுகளையும் சுட்ட மண் ஓடுகளையும் வாசலிலேயே குவித்து வைத்திருந்தது.

ஒருநாள் காலையில் தொல்லியல் ஆய்வாளர்கள் வந்து மேட்டைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"அந்தக் காலத்துல எஃகு உருக்கின இடம் இது. எங்க ஓடு அதிகமா கிடக்குதோ, நாளைக்கு அங்க தோண்டலாம்" என்றார் அவர்களின் தலைவி.

வளைக்குள்ளிருந்து கேட்ட வெள்ளெலி குட்டிகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டது. "குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கலையே!"

அவர்கள் போனதும் அது குவியலில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக உருட்டத் தொடங்கியது. கள்ளிச்செடிப் பக்கம் நல்ல இறக்கம். பொழுது சாய்வதற்குள் வாசல் சுத்தமாகிவிட்டது.

மறுநாள் கள்ளிச்செடி அருகே தோண்டினார்கள். மூன்றாம் நாள் அங்கே ஒரே கூச்சல். உடையாத உலை ஒன்று முழுசாகக் கிடைத்திருந்தது! தலைவி மண் கையோடு எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

வெள்ளெலி ஓடுகளை உருட்டியதைப் புதரிலிருந்து பார்த்திருந்த கவுதாரி ஒன்று வாயைப் பிளந்தது. "அக்கா, அடியில உலை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

'இறக்கமா இருந்துச்சு, உருட்ட லேசா இருந்துச்சு' என்று சொல்லத்தான் வெள்ளெலி வாயைத் திறந்தது.

அதற்குள் கவுதாரி பணிவாகக் கேட்டது: "நான் முட்டையிடறதுக்கும் ஒரு நல்ல இடமா பார்த்துச் சொல்லேன்."

வெள்ளெலி ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தது. மீசையைத் தடவிக்கொண்டது.

"தெற்கால ரெண்டடி தள்ளிப் போ" என்றது.