மாப்பிள்ளை அடித்த ஃபுசீன்யோ

“குறை சொல்ல ஒண்ணுமில்லையேப்பா” என்று கொல்லர் மாரியானு சொன்னதும், கிகோவுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

அவன் கொண்டுவந்த ஃபுசீன்யோவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர். நின்றபடியே மண்ணில் தள்ளிக் களையெடுக்கும் கொத்து அது. உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது.

தன் கையால் ஒன்று அடித்துக் கொண்டுவராதவனுக்கு மகள் டெலாவைக் கொடுப்பதில்லை என்பது அவர் போட்ட சட்டம். முன்னால் வந்த ஒருவனுடைய கொத்து முதல் களையிலேயே வளைந்துபோனது. அவன் அந்த அவமானத்தில் குவாம் தீவை விட்டே கப்பல் ஏறிவிட்டான். கிகோவுக்கோ கடற்படை முகாமில் டைப் அடிக்கிற வேலை.

“இது இந்த வீட்டு வழக்கம் தம்பி. என் மாமனாரும் கொல்லர்தான். அவர்கிட்ட நான் பொண்ணு கேட்டு வந்தப்போ அடிச்சுக் கொடுத்தது, அதோ.”

சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில், மாதாவைவிடக் கொஞ்சம் உயரமாகவே, ஒரு பழைய ஃபுசீன்யோ தொங்கியது. அதன் பெருமையைக் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் சோறு தின்றதில்லை.

“அதைப் பாத்துட்டு மாமனார் அப்படியே அழுதுட்டாரு.”

“போன திருவிழாவுல நீ இதைச் சொன்னப்போ, அவரு சிரிச்சாருன்னியே” என்றாள் அவர் மனைவி பிலார். பின்வாசலில் உட்கார்ந்து, இடது கைக் கத்தியால் ஒரு தேங்காயை ஒரே போடாகப் பிளந்தாள்.

“அழுதுட்டுச் சிரிச்சாரு. நீ தேங்காயைப் பாரு.”

கிகோவின் கொத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார் மாரியானு. அவர் முகம் மாறியது.

“உள்ளங்கையைக் காட்டு.”

காட்டினான். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது.

“கொப்புளம் எங்கடா?”

“ஆறிடுச்சு மாமா.”

“சரி, ஆறட்டும். சுத்தியல் தழும்பெல்லாம் ஏன் இந்தப் பக்கமாச் சாய்ஞ்சிருக்கு? சோத்துக் கையால அடிச்சா அந்தப் பக்கம்ல சாயணும்?”

கதவருகே நின்ற டெலா, தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பிடிபட்டுவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று.

“என் பொண்ணு அடிச்ச இரும்பைக் காட்டி, என்கிட்டயே பொண்ணு கேக்கிறியா?” மாரியானுவின் குரல் தெருவுக்குக் கேட்டது. “இப்படி ஒரு ஏமாத்துக்காரனை இந்தக் குடும்பம் பாத்ததே இல்ல. நடையைக் கட்டு.”

கிகோ தலையைக் குனிந்துகொண்டு தொப்பியை எடுத்தான். டெலா அழ ஆரம்பித்தாள். அவனை விட்டால் அவளுக்கு வேறு யாரையும் பிடிக்காது, அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பிலார் கத்தியைக் கீழே வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக உள்ளே வந்தாள்.

“தம்பி, நீ உக்காரு” என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“மாரியானு, சுவத்துல மாட்டியிருக்கியே, அதையும் எறக்கு. அதுல தழும்பு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு தம்பியும் பாக்கட்டும்.”