பாதியில் நின்றவர்கள்

தாம்பரத்திலிருந்த அந்த அறக்கட்டளை அலுவலகத்தில், உளவியலாளர் யூனிஸைத் துருவித் துருவிக் கேட்டது தேர்வுக்குழுவில் ராஜகோபாலன் ஒருவர்தான்.

“முடிச்சூர் கிளினிக்ல நீங்க குடுக்கற சிகிச்சை பலன் தருதான்னு ஆராய நிதி கேக்கறீங்க. சரி. குணமானவங்களை விட்டுட்டு, பாதியில நின்னவங்களைத் தேடிப் போவானேன்?”

“குணமானவங்க நன்றிதான் சொல்வாங்க சார். எங்க தப்பு என்னன்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும்.”

“அப்படி நின்ன ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, பார்ப்போம்.”

“மன்னிக்கணும் சார். சொல்ல மாட்டேன்.”

“சொன்னாத்தான் நிதின்னா?”

“அப்ப நிதி வேண்டாம் சார்.”

நன்றி சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். சற்று நேரத்தில் ராஜகோபாலனும் வந்தார்.

“நிதி கிடைச்சாச்சும்மா. எல்லாரும் சரின்னுட்டாங்க. நான் மட்டும் ஓட்டுப் போடலை.”

“ஏன் சார்?”

“உங்க கிளினிக்குக்கு நாலு வாரம் வந்துட்டு நின்னுபோனவன், உங்களுக்கு ஓட்டுப் போடலாமா? என்னை அடையாளம் தெரியலையா?”

“உள்ளே நுழைஞ்சதுமே தெரிஞ்சுது சார். நீங்களா சொல்லாம, நாலு பேர் முன்னால நான் எப்படிக் காட்டிக்கறது?”

ராஜகோபாலனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“அப்ப முதல்ல என்கிட்ட கேளுங்கம்மா” என்றார். “ஏன் நின்னேன்னு எங்க வீட்டுலகூட இதுவரைக்கும் யாரும் கேக்கலை.”