விரல் அகலக் காடு

விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் காடு மேசையைவிட்டு எழுந்து நிற்கும். பொறியாளர் தணிகாசலம் அப்படிப் பார்த்துக்கொண்டே மலைச்சரிவில் சிவப்புப் பென்சிலால் சாலையை இழுத்துக்கொண்டு வந்தார். வரைபடப் பிரிவில் வேலை பார்க்கும் ரங்கி பாதி வழியில் தன் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

“இதுல எங்க ஊரு இருக்கு சார். எங்கம்மா இருக்கா.”

“வெறும் மரமாத்தானே தெரியுது? ஒரே ஒரு கூரையக் காட்டு, பாப்போம்.”

“மரத்தடியிலதான் சார் வீடு. பிளேன் சத்தம் கேட்டா அடுப்ப அணைச்சிட்டு ஒளிஞ்சுக்குவாங்க. போன தடவ அது வந்துட்டுப் போனப்புறம்தானே பக்கத்து ஊரக் காலி பண்ண வச்சீங்க?”

“படத்துல இல்லாத ஊருக்காக ரோட்ட வளைக்க முடியாது. விரல எடு.”

அவள் எடுக்கவில்லை. அவரும் பென்சிலை நிறுத்தவில்லை. கோடு அவள் நகத்தில் ஏறி, தோலைக் கீறி, மறுபக்கம் இறங்கி ஆறுவரை போனது. அதன்பிறகுதான் கையைத் தூக்கினாள். சிவப்புக் கோட்டின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் காடு இருந்தது.

தணிகாசலம் சிரித்தார். “சரியான ஆளும்மா நீ. அந்த எடத்துல கோட்ட நீயே சேத்துட்டு மேலதிகாரிக்கு அனுப்பிரு.”

அவள் பக்கம் உருட்டிவிட்ட பென்சில் மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. ரங்கி குனியவில்லை. சிவப்பேறிய விரலை மறுபடி அதே இடத்தில் வைத்து, விரல்நுனி வெளுக்கும்வரை அழுத்தினாள்.

“இப்ப கோட்டப் போடுங்க சார்” என்றாள்.