சூடத் தட்டு

ஆயுத பூசைக்காக ராமாயி அரிசி மில்லைப் பெருக்கு பெருக்கென்று பெருக்கியதில், சன்னல் வெயிலில் தவிட்டுத் தூசி இறங்க மனமில்லாமல் தொங்குகிறது. உமியைப் புகைத்தெடுக்கும் கேஸில் ஓடும் எஞ்சினுக்கு மாலை போட்டாயிற்று. கேஸ் குழாய் இன்னும் கசிந்து நாறுகிறது. கறுப்பு சிவப்புக் கரைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதலாளி கோவிந்தராசு சூடத் தட்டின் முன் தீப்பெட்டியைத் திறக்கிறார். "கேஸ் மட்டும்னா குப்புன்னு எரிஞ்சி அடங்கிடுங்க. தூசியும் சேந்தா கூரையே போயிடும். எத்தனை தடவைங்க சொல்றது?" ஃபிட்டர் ஜெக்கரியா தலையில் அடித்துக்கொள்கிறார். "பாய், உங்களுக்குச் சூடம் ஆகாது. அதச் சொல்லுங்க" என்கிறார் முதலாளி. "அட அல்லாவே!" ராமாயி துடைப்பத்தைக் கீழே போடுகிறாள். முதலாளி கையிலிருந்த தீப்பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறாள். "சாமிய வெளிய வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. உள்ள நாங்க வேல செய்யணும்."