பதினேழாவது வரி

"இன்னா நைனா, உசுரு கீதா?"

பொன்னுரங்கம் மூன்றாவது முறையாகக் கேட்டார். ஜெரால்ட் இன்னும் பெட்டியின் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஜெரால்டின் கம்ப்யூட்டர் கடை. காலையில் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே, மடியில் ஒரு பழைய சிபியுவோடு மனுஷன் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. இரண்டு நாள் கடலில் அலைந்துவிட்டு விடியற்காலையில்தான் கரையேறியிருக்கிறார்.

அலைந்தது தங்கை மகன் சித்தார்த்தைத் தேடி. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போனவன், திரும்ப வேண்டிய நாள் தாண்டி மூன்று நாளாகிறது. நான்கு உயிர்.

"அவன் போன எடம் இந்தப் பொட்டிக்குள்ள கீது. நம்ம குப்பத்து ஜெகதீசன் தேடிப் போக ஆறு படகு ரெடியா வச்சிகினு, நம்பருக்காகக் கரையில குந்திகினு கீறான்" என்றார்.

கடலில் மீன் கூடுகிற இடத்துக்குக் குப்பத்தில் பாயிண்ட் என்று பேர். ஜிபிஎஸ் எண்தான் அதன் விலாசம். அதைப் பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கமாட்டார்கள். பொன்னுரங்கம் அந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேல். சொந்த மருமகன் கேட்டதற்கே கையை விரித்துவிட்டார். ஒரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அவருடைய பாயிண்டெல்லாம் அவர் மண்டையில் இருப்பதாகத்தான் ஊர் சொல்லும். கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தது ஜெரால்டுக்குப் புதுச் செய்தி.

போன மாதம் கரண்ட் விட்டுவிட்டு வந்த ஒரு நாள் பெட்டி படுத்துவிட்டதாம். மகள் நர்மதா லேப்டாப்புக்கு மாறிவிட்டதால் யாரும் அதைச் சீந்தவில்லை.

மூடியைக் கழற்றினான். கடற்காற்று, ராம் என்கிற மெமரி அட்டையின் கால்களைப் பச்சையாக்கி வைத்திருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்துச் சொருகினான்.

திரையில் வெளிச்சம் வந்தது. பொன்னுரங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். விண்டோஸ் தலையைக் காட்டியது, வட்டம் சுற்றியது, பிறகு நீலமாகி அணைந்தது.

மறுபடி போட்டான். மறுபடி நீலம்.

வேறு யாராவது என்றால், வைத்துவிட்டுப் போங்கள், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று அனுப்பியிருப்பான். இன்று அழிக்கிற பேச்சே இல்லை. உள்ளேயிருந்து ஹார்ட் டிஸ்க் வேறு டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதிக நேரம் தாங்காது.

"விண்டோஸ் பூடுச்சுண்ணே. டிஸ்க்ல கொஞ்சம் உசுரு கீது. பாக்கலாம்."

டிஸ்க்கை அதன் போக்கில் விட்டுவிட்டு, பென் டிரைவ் ஒன்றைச் சொருகி அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினான். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நர்மதாவின் காலேஜ் பாடம், கல்யாண ஃபோட்டோ, கடைசியாகப் 'பாயிண்ட்' என்று ஒரு ஃபைல்.

அதைக் காப்பி போட்டான். பாதியில் நின்றது. டக். டக். முன்பின் பார்க்காத நான்கு பேருக்காக அந்தோணியாரைக் கூப்பிட்டான்.

நகர்ந்தது. முடிந்தது.

ஃபைலைத் திறந்ததும் மானிட்டரை அவர் பக்கம் திருப்பிவிட்டு, இவன் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டான். ஆயுசு முழுக்கக் கட்டிக் காத்த ரகசியத்தை மருமகன் உயிருக்காக ஊருக்கே அவிழ்க்கப் போகிற மனுஷன். அவர்மேல் அவனுக்குப் பெரிய மரியாதை வந்திருந்தது.

"நீயும் பாரு நைனா, பரவால்ல. இதுல ஒண்ணுகூட நெஜம் கெடயாது."

ஜெரால்ட் திரும்பினான். வரிசையாக நாற்பது எண்கள்.

நிஜமானதெல்லாம் அவர் மண்டையில்தான் இருந்ததாம். அந்த இடங்களில்தான் இரண்டு நாளாகத் தேடியிருக்கிறார். இது, எவனாவது திருட வந்தால் அலையட்டும் என்று, வாய்க்கு வந்ததைச் சொல்லி மகளை டைப் அடிக்கவைத்தது. அவர் வீட்டில் இல்லாத ஒரு நாள் சித்தார்த் வந்து அத்தனையையும் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். அவன் மனைவி மலிகா இன்று காலையில்தான் காலில் விழுந்து அழுது சொன்னாளாம்.

சொல்லிக்கொண்டே அவர் விரல் திரையில் இறங்கிப் பதினேழாவது வரியில் நின்றது. மற்ற வரிகளில் வெறும் எண். அந்த ஒன்றில் மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வார்த்தைகள்.

ஃபோனை எடுத்து ஜெகதீசனைக் கூப்பிட்டார். எண்ணை மட்டும் வாசித்தார். முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.

ஜெகதீசன் போட்ட சத்தம் ஜெரால்டுக்கே கேட்டது.

"இன்னாண்ணே, அவ்ளோ தூரமா? போறதுக்கே எண்ணெய் தீந்துடும். அங்க இன்னா மீனு கீதுன்னு போவப் போறான்?"

"ஒண்ணும் இல்லடா" என்றார் பொன்னுரங்கம். "வஞ்சிரம் கொட்டிக் கெடக்குதுன்னு நான் எழுதி வச்சிகீறேன்."