திருவா, தெய்வத்திருவா

“அவனைத்தான் கட்டுவேன்னா, அப்பன் செத்துட்டான்னு பத்திரிகையில போட்டுக்க” என்று மாசிலாமணி சொல்லி மூன்று வாரமாகிறது. அதற்குப் பிறகு மகளிடம் அவர் வாயே திறக்கவில்லை. தமயந்தி கல்யாண வேலையை அச்சகத்திலிருந்துதான் தொடங்கினாள். “அப்பா இருக்காராம்மா? பேருக்கு முன்னால திருன்னு போடவா, தெய்வத்திருன்னு போடவா?” என்று கேட்டார் அச்சகக்காரர். “தெய்வத்திரு” என்றாள். சாயங்காலம் புரூப் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஈசிசேரில் கிடந்தவரின் மடியில் வைத்தாள். கூடவே ஒரு சிவப்பு மைப்பேனா. “நீங்க சொன்ன மாதிரியே போட்டிருக்கேன். தப்பு இருந்தா திருத்திக் குடுங்க. இல்லேன்னா நாளைக்கு ஐந்நூறும் இப்படியே அடிச்சிருவாங்க.” அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகூர்த்த நேரத்தைப் படித்தார், மண்டபத்தின் பெயரைப் படித்தார், மாப்பிள்ளையின் பெயரை மட்டும் படிக்காமல் தாண்டினார். தன் பெயருக்கு வந்ததும் பேனா மூடியைக் கழற்றினார். முனை தாளில் பட்டு அப்படியே நின்றது. மை ஊறி, சிவப்பாக ஒரு பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. “அவசரமில்லப்பா” என்றாள் தமயந்தி, கையைக் கட்டிக்கொண்டு. “நான் இங்கதான் நிக்கேன்.”