ஜம்பர்

தாணம்மாள் சேலைக்குப் போடும் தன் ஜம்பருக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் அவள் கணவன் செண்பகராமன் போனில் யாரிடமோ குழைந்து பேசிக்கொண்டிருந்தான்.

“காலையில கோவிச்சுக்கிட்டு போனை வச்சிட்டிய. நான் என்ன தப்பா சொன்னேன்? அந்த ஜம்பர முதல்ல கழத்துங்க.”

ஊசி தாணம்மாளின் விரலில் ஏறியது. கட்டினவள் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்க, இந்த மனுசனுக்குக் கூச்சமே இல்லையா?

“பயப்படாண்டாம். நகம் வச்சு மெள்ள இழுங்க. கழத்தியாச்சா?”

போனுக்குள் ஒரு பெண் சிரிப்பது கேட்டது. தாணம்மாள் பாய்ந்துபோய் அதைப் பிடுங்கினாள்.

“ஏட்டி, யாருட்டி நீ? எனக்க மாப்பிள்ளகிட்ட என்னத்தட்டி கழத்துக?”

“கான்வென்ட் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ், சிஸ்டர் ரீத்தா பேசுகேன் மோளே.”

செண்பகராமன் தலையில் அடித்துக்கொண்டான். “ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பழைய ஹார்டு டிஸ்க் ஒண்ணையும் சேத்து மாட்டுகாவ. ஒரே கேபிள்ல ரெண்டும் மாஸ்டரா, முதலாளியா இருந்தா ஓடாது. டிஸ்க்குக்குப் பின்னால நெல்லுமணி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதக் கழத்தி இடம் மாத்தணும். அதுக்குப் பேருதாம்ட்டி ஜம்பர்!”

தாணம்மாள் போனைத் திரும்பக் காதில் வைத்தாள். “தப்பா நினைச்சிட்டேன் சிஸ்டர். மன்னிக்கணும்.”

“போட்டும் மோளே. டிஸ்க்குக்க முதுகில ‘ஜம்பர்’னு எழுதியிருந்ததப் பாத்த பொறவுதான் நானே திரும்ப விளிச்சேன். காலையில அவரு இதையே சொன்னப்ப, சிலுவை போட்டுக்கிட்டுல்லா போனை வச்சேன்!”